படுத்த எட்டுக்கு அந்தப் பக்கம்

எங்க வீட்டுக்காரவிய அந்தப் பழைய லென்ஸைப் பேப்பர்ல சுத்தி அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்ச அன்னைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிட்டு. ஒளிக்கிறதா இருந்தா ஒழுங்கா ஒளிக்கணும், பொம்பளை தினமும் கை வைக்கிற பானைக்குப் பின்னாலயா ஒளிப்பாவ? நான் சந்தேகப் பிராணிதான், இல்லைன்னு சொல்லல. கோயில்ல எல்லாரும் கண்ணை மூடிச் செபம் சொல்லும்போதுகூட ஒத்தக் கண்ணை லேசாத் திறந்து வச்சிருக்கவ நான். அதனாலதான் சொல்லுதேன், எங்க ஊர்ல நடந்ததை நான் சொன்னா நீங்க நம்பலாம். எதையும் சும்மா நம்புதவ சொன்னா அதுல என்ன இருக்கு?

எம் பேரு பிரகாசி, அவிய பேரு ரெமிஜியுஸ். புன்னைத்துறையில கோயிலுக்கு எதுத்தாப்புல இருக்கே ரெமி ஸ்டூடியோ, அது எங்களுதுதான். முன்னால நான் உக்காந்து பாஸ்போர்ட் சைஸ் வெட்டுவேன், லேமினேஷன் போடுவேன், கலியாணம், புதுநன்மை, மாதா கெபி திறப்பு, அடக்கம் எல்லாத்துக்கும் அவிய போய்ப் படம் எடுப்பாவ. போன வருஷம் புதுசா ஒரு கேமரா வந்துது, மிரர்லெஸ்ஸாம், உள்ள கண்ணாடியே கிடையாதாம், கூடவே வந்த லென்ஸு ஆளோட கண்ணைத் தானாத் தேடிப் புடிச்சுக்கிடுமாம். அந்த நல்ல லென்ஸைத் தூக்கி மூலையில வச்சிட்டு, கப்பல் சாமான் விக்குத கடையில துருப்புடிச்ச பைனாகுலருக்கும் உடைஞ்ச திசைகாட்டிக்கும் நடுவுல கிடந்த, அவியளைவிட வயசான ரஷ்யா லென்ஸ் ஒண்ணைக் கொண்டாந்து, என்னோட பழைய சேலைத் துணியில பூஞ்சை துடைச்சிட்டு இருந்தாவ.

"கண்ணாடியே இல்லாத கேமராவுக்கு எதுக்குங்க இம்புட்டுக் கண்ணாடி?"ன்னு கேட்டேன்.

"நீ ஒரு தடவை இந்த வளையத்தை உன் கையால திருப்பிப் பாரு பிரகாசி. புது லென்ஸு அதுபாட்டுக்குப் பாத்துட்டுப் போயிரும். இது நீ பாத்தாத்தான் பாக்கும்."

ரெண்டு பிள்ளையளைப் பெத்துக் குடுத்தவகிட்ட ஒரு நாளாவது இப்படிக் குழைஞ்சு பேசியிருக்காவளா? கேளுங்க.

பழைய லென்ஸு புதுக் கேமராவுல நேரா உக்காராது, நடுவுல ஒரு உலோக வளையம் மாட்டணும். அதை வெளியூர்ல இருந்து வரவழைக்கப் பொறுமை இல்லாம லேத்துப் பட்டறை கோமதிநாயகத்துக்கிட்ட கடையக் குடுத்தாவ. அவரு காலமெல்லாம் படகு இன்ஜினுக்குச் சாமான் கடைஞ்ச மனுசன், அவரு கணக்குல எதுவா இருந்தாலும் இறுக்கமா உக்காரணும், சொட்டுத் தண்ணி உள்ள வரக் கூடாது. கேமரா கடல்ல போகாதுங்கதை அவருக்கு யாரும் சொல்லல, அவரா யோசிக்கவும் இல்ல. தண்ணி புகுந்துரக் கூடாதேன்னு ஒரு மயிரிழை கூடுதலா ராவி, "ஆண்டவனே நினைச்சாலும் இதுல கசிவு வராது"ன்னு கையில குடுத்தாரு. எல்லாம் அந்த மயிரிழையில வந்த வினைதான்.

என்னன்னா, அந்த லென்ஸு மேல தூரம் பொறிச்சிருக்கும், ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர், பத்து மீட்டர்னு போய்க் கடைசியில எட்டு ஒண்ணு அசந்து படுத்துக் கிடக்குத மாதிரி ஒரு குறி இருக்கும். அதுதான் முடிவில்லாத தூரமாம். மலை, நிலா, தொடுவானம் எல்லாம் அங்கனதானாம், அதுக்கு மேல பாக்க ஒண்ணும் இல்லைன்னு லென்ஸு செஞ்சவன் அங்கயே நிப்பாட்டிருவானாம். கோமதிநாயகம் வளையத்தை மெலிசா ராவுனதுல, படுத்த எட்டையும் தாண்டி அது திரும்புச்சு.

"தாண்டுனா என்ன தெரியும்?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது, எல்லாம் கலங்கிப் போகும், அவ்வளவுதான்"னாவ.

ஒண்ணும் தெரியாதுன்னு யாராவது இம்புட்டு வேகமாச் சொன்னா எனக்கு உடனே உறுத்தும்.

அந்த ஞாயித்துக்கிழமைதான் கோயில்ல தெக்லாவுக்கு முதல் ஓலை வாசிச்சாவ. ஓலைன்னா, எங்க பக்கம் கலியாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பூசையில சாமியார் அறிவிப்பாரு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் நிச்சயமாயிருக்கு, இதுக்குத் தடை இருக்குன்னு தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு. மூணு ஓலையும் தடையில்லாமப் போனாத்தான் தாலி. தெக்லாவுக்கு இது ரெண்டாம் கலியாணம். அவ புருசன் கஸ்பாரு ஏழு வருஷத்துக்கு முன்னால ஒரு விடியக்காலம் தனியா வல்லத்தை எடுத்துட்டுக் கடலுக்குப் போனவன், ஆளும் வரல, வல்லத்துல ஒரு பலகைகூடக் கரையில ஒதுங்கல. தெக்லா கருவாடு காயப்போட்டு, உப்பு மூட்டையைத் தன் தலையிலயே சுமந்து, மாமியாக்காரிக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்தி நல்லபடியா அடக்கம் பண்ணி, கோர்ட்டுலயும் ஆயரில்லத்துலயும் நடையா நடந்து புருசன் இறந்தவன்தான்னு சொல்ல வச்ச பிறகுதான், ஐஸ் கம்பெனியில வேலை பாக்குத தொம்மை கேட்டதுக்குச் சரின்னு தலையை ஆட்டுனா. தொம்மை வாயில்லாத மனுசன், தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஐஸ் கட்டியைத் தள்ளிட்டுப் போறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதவன். அவ சரின்னு சொன்ன அன்னைக்கு ஐஸ் கம்பெனி வாசல்ல நின்னு அழுதானாம்.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரவிய கேமராவும் ஸ்டாண்டுமாக் கடல் பக்கம் கிளம்புனாவ, எங்க போறாவன்னு பாக்க நானும் பின்னாலயே போனேன். தூண்டில் வளைவு மேல, கல்லு கொட்டி வச்சிருக்காவள்லா, அங்க நிப்பாட்டிக் கடலைப் பாத்து வச்சாவ. அந்தக் கேமராவுல ஒரு வசதி உண்டு, எது தெளிவாத் தெரியுதோ அதோட ஓரம் முச்சூடும் ஸ்க்ரீன்ல சிவப்பா ஒரு கோடு மினுங்கும், கையால ஃபோகஸ் பண்ணுதவியளுக்கு அதுதான் துணை. அவிய வளையத்தைத் திருப்பத் திருப்ப முதல்ல கல்லு சிவந்துது, பிறகு அலை சிவந்துது, பிறகு தொடுவானத்துல ஒரு நூல் சிவந்துது. பிறகு படுத்த எட்டைத் தாண்டுனாவ. கடலும் வானமும் ஒண்ணாக் கரைஞ்சு கஞ்சியாப் போச்சு, அந்தக் கஞ்சிக்கு நடுவுல, சிவப்புக் கோடு போட்டு, ஒரு வல்லம் நின்னுது.

நான் தலையைத் தூக்கிக் கடலைப் பாத்தேன். ஒரு காக்காகூட இல்ல. குனிஞ்சு ஸ்க்ரீனைப் பாத்தேன். வல்லம்.

"பெரிசாக்குங்க"ன்னேன். பட்டனை அமுக்குனாவ. நீலக்கட்டம் போட்ட சட்டை, கலைஞ்ச முடி, மடியில வலையைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் அறுந்த கண்ணியைக் கட்டிட்டு இருந்தான்.

"ஏங்க, இது கஸ்பாருல்லா?"

"ஆமா, கஸ்பாருதான்."

"மனசாட்சி இருக்கா இவனுக்கு? அவ அங்க உப்பு மூட்டை சுமந்து கழுத்து ஒடிஞ்சு கிடக்கா, இவன் இங்க உக்காந்து நிம்மதியா வலை பொத்துதானே!"

எனக்கு முதல்ல வந்தது கோபம்தான். ஊருக்கும் அப்படித்தான் வந்துது. வெளக்கு வைக்கதுக்குள்ள தூண்டில் வளைவு மேல காலு வைக்க இடமில்ல, ஒவ்வொருத்தராக் குனிஞ்சு பாத்து, பாத்துட்டு நிமிந்தவியள்ல ஒருத்தராவது இது எப்படித் தெரியுதுன்னு கேட்டாவளா, கிடையாது, எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், இவன் அங்க என்ன செய்யுதான்? மீன் ஏலம் விடுத ஆளு, ஏழு வருஷமாப் புடிச்ச மீனை எந்தக் கரையில கொண்டு வித்தான்னு பல்லைக் கடிச்சாரு. கடலோரக் காவல்ல இருந்து ஒரு அதிகாரி வந்து குனிஞ்சு பாத்துட்டு, படுத்த எட்டுக்கு அந்தப் பக்கம் நம்ம எல்லையா, அடுத்த நாட்டு எல்லையான்னு எங்க வீட்டுக்காரவியளைக் கேட்டாரு, அவிய தெரியாதுன்னாவ, தெரியாத எல்லையில எதுக்குக் கேமராவைத் திருப்புனீங்கன்னு அவரு கேட்டாரு. சட்டை ஏன் கிழியல, தாடி ஏன் வளரல, சவரம் பண்ணுததுக்கு ஆளு வச்சிருக்கானா, சோறு யாரு ஆக்கிப் போடுதா, கட்டாயம் ஒருத்தி இருப்பா, வல்லத்துக்கு அடியில குனிஞ்சு உக்காந்திருப்பான்னு பொம்பளையள் அவ தலைமுடியாவது தெரியுதான்னு தேடிட்டு இருந்தாவ.

அதுல நெஞ்சை அறுத்தது என்னன்னா, எங்க ஊர்ல கடலுக்குப் போய் வராதவன் கஸ்பாரு ஒருத்தன் மட்டுமா? புருசனைக் குடுத்தவ, மகனைக் குடுத்தவ எல்லாரும் வந்து எங்க வீட்டுக்காரவிய கையைப் புடிச்சு, எங்க ஆளு இருக்காவளான்னு கொஞ்சம் திருப்பிப் பாரு ராசான்னு கெஞ்சுனாவ. அவியளும் இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பித் திருப்பிப் பாத்தாவ, கஸ்பாரைத் தவிர ஒருத்தரும் தெரியல. அழுதுட்டே திரும்பிப் போனவிய வாயில இருந்துதான் அந்தப் பேச்சு கிளம்புச்சு. செத்தவிய தெரிய மாட்டாவ, உசுரோட ஒளிஞ்சிருக்கவன்தான் தெரிவான், கஸ்பாரு மட்டும் தெரியுதான், அப்பம் கஸ்பாரு சாகல. சாகாதவன் பொண்டாட்டிக்கு எப்படி ஓலை வாசிக்கலாம்?

பிறகு சந்தேகம் காத்து மாதிரி திசை மாறி மாறி அடிச்சுது. எங்க வீட்டுக்காரவிய கம்ப்யூட்டர்ல ஏதோ ஒட்டு வேலை பண்ணுதாவன்னு ரெண்டு நாள். தெக்லாவுக்கு முன்னாலயே தெரியும், தெரிஞ்சுதான் அவ கோர்ட்டுக்குப் போனான்னு ரெண்டு நாள். அப்புறம் தொம்மை மேல திரும்புச்சு, அவன்தான் அன்னைக்கு வல்லத்துல ஓட்டை போட்டிருப்பான்னு. அந்த மனுசன் ஐஸ் கட்டியைத் தள்ளிட்டுத் தலையைக் குனிஞ்சு போனான். அவன் தலை குனிஞ்சதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபுடிச்சாவ. நானும்தான் கண்டுபுடிச்சேன், எனக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?

தெக்லா மட்டும் வந்து பாக்கல. நான் கருவாடு வாங்குத சாக்குல அவ காயப்போடுத களத்துக்குப் போனேன். வெயில்ல நெத்திலியைக் கிளறிவிட்டுட்டு இருந்தா.

"ஏட்டி, ஊரே வந்து பாக்குது, நீ ஒரு எட்டு வந்து பாக்கப்படாதா?"

"அவியளைப் பாக்க எனக்கு லென்ஸு வேணுமாக்கா? கண்ணை மூடுனாப் போதும்லா."

"அதுக்கில்லட்டி. ஊரு வாயி..."

"பாத்துட்டு இல்லைன்னு சொன்னா நான் பொய்க்காரி. ஆமான்னு சொன்னா கலியாணம் நின்னு போகும், இன்னொரு ஏழு வருஷம் இந்த உப்புக்குள்ள கிடக்கணும். எதைச் சொல்லச் சொல்லுதிய?" கையில இருந்த நெத்திலியைக் கீழ போட்டுட்டு என்னை நேராப் பாத்தா. "எனக்கு அந்த மனுசன் மேல ஆசையா இருக்குக்கா. தொம்மையைத்தான் சொல்லுதேன். இதை யாருகிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல. எனக்கு ஒரு வீடு வேணும், சாயங்காலமானா வந்து செருப்பை அவுத்துப் போடுத ஒரு ஆளு வேணும். அவ்வளவுதான்."

நான் சந்தேகப் பிராணி, அவ முகத்தை உத்து உத்துப் பாத்தேன். ஒரு இடத்துலயும் பொய் இல்ல. கால் கிலோ நெத்திலி வாங்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த ஞாயிறு ரெண்டாவது ஓலை. எங்க பங்குச்சாமியார் ஃபாதர் மார்சலின், திண்டுக்கல் பக்கத்துக்காரரு, சின்ன வயசு, கடல்ல கால் நனைக்கவே பயப்படுவாரு. அவரு தடை இருந்தால்னு சொல்லி வாயை மூடல, பொம்பளையள் பக்கத்துல இருந்து கஸ்பாரோட அக்கா பெர்ப்பேத்துவா எழுந்திருச்சா. தாயில்லாத குறை தெரியாம தம்பியை இடுப்புல தூக்கி வளத்தேன்னு அவ சொல்லிக்கிடுவா, அவ தாய் போன வருஷம் வரைக்கும் உசுரோடதான் இருந்தாவங்கது வேற விஷயம். ஆனா தம்பி மேல உள்ள பாசத்துல கலப்படம் கிடையாது, அதை நானே சொல்லுதேன்.

"தடை இருக்கு சாமி. என் தம்பி உசுரோட இருக்கான். கண்ணால பாத்தேன்."

"லென்ஸ்ல பாத்ததை வச்சு எப்படிம்மா..."

"துடுப்பு படுத்துக் கிடக்கு சாமி! ஆம்பளையள் எல்லாரும் பாத்தாவள்லா, கேளுங்க! வல்லத்துக்குக் குறுக்க துடுப்பைப் படுக்க வச்சிருக்கான்."

ஆம்பளையள் பக்கம் முச்சூடும் தலை குனிஞ்சுது. சாமியாருக்கு ஒண்ணும் விளங்கல, உபதேசியார்தான் அவரு காதுல குனிஞ்சு விளக்குனாரு. எங்க ஆளுக வழக்கம் அது. நடுக்கடல்ல ஒரே மீன்கூட்டத்தை ரெண்டு வல்லம் கண்டுட்டா, முதல்ல வந்தவனுக்குத்தான் பாத்தியம். அவன் துடுப்பைக் குறுக்க படுக்க வச்சிருந்தா இது என் பாத்தியம், கிட்ட வராதன்னு அர்த்தம். துடுப்பை நெட்டுக்குத்தலா நிமித்திப் புடிச்சா, நான் விட்டுட்டேன், நீ வலை போட்டுக்கோன்னு அர்த்தம். விட்டதை வாங்குதவன் தலைத்துண்டை அவுத்து ஆட்டணும், ஆட்டலைன்னா விட்டது செல்லாது. எவ்வளவு பெரிய பகையா இருந்தாலும் எங்க கடல்ல இதை மீறுனவன் கிடையாது.

"என் தம்பி பாத்தியத்தை விடல"ன்னு சொல்லி உக்காந்தா பெர்ப்பேத்துவா. உக்காந்த பிறகுதான் அழுதா. எனக்கு அப்பம்தான் புரிஞ்சுது, அவளுக்குத் தெக்லா மேல பொறாமை இல்ல, இந்தக் கலியாணம் நடந்தா அவ தம்பி நெசமாவே செத்தவனாப் போயிருவான்.

பூசை முடிஞ்சதும் சாமியாரு செருப்பைக் கழத்தி வச்சிட்டு, கல்லு மேல தடுமாறி வந்து, குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. நிமிந்தவரு கைக்குட்டையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, இதுக்குத் திருச்சபைச் சட்டத்துல இடம் எதுவும் இல்லையேன்னு தனக்குத்தானே சொன்னாரு. பிறகு, "மனைவி வந்து பாக்கட்டும். இது என் கணவர்தான், இல்லை என் கணவர் இல்லைன்னு அவங்க வாயால சொல்லட்டும். அதுதான் எனக்குச் சாட்சி"ன்னுட்டாரு.

தெக்லாவைக் கூட்டிட்டு வந்தாவ. அவ இல்லைன்னு சாதிப்பா, எல்லாரும் சேந்து காறித் துப்பலாம்னு பாதிப் பேரு வாயில எச்சியைக் கூட்டி வச்சிருந்தாவ. அவ குனிஞ்சா. எங்க வீட்டுக்காரவிய வளையத்தைத் தொடப் போனாவ, அவ அவியளைத் தடுத்துட்டுத் தன் கையாலயே மெதுவாத் திருப்புனா. உப்புல வெடிச்ச விரல்கள் அந்த வளையத்தைச் சுத்தி வந்து படுத்த எட்டைத் தாண்டி நின்னுது.

"அவியதான்"னா.

எச்சியைக் கூட்டி வச்சவனெல்லாம் முழுங்கிட்டான். தொம்மை கூட்டத்துக்குப் பின்னால நின்னவன் அப்படியே கல்லு மேல உக்காந்துட்டான். அப்பம் தெக்லா நிமிந்து, "சாமி, ஒண்ணு கேக்கட்டா?"ன்னா.

"கேளும்மா."

"தடை இருக்கவிய சொல்லணும்னா, முதல்ல அவிய காதுல விழணும்லா? ரெண்டு ஓலையும் கோயிலுக்குள்ள வச்சு வாசிச்சிய. அவியளுக்கு எப்படிக் கேக்கும்? மூணாவது ஓலையைக் கடலைப் பாத்து வாசிங்க."

சாமியாரு அவளைச் சந்தேகமாப் பாத்தாரு. "அவரு வந்து தடை சொன்னா?"

"வந்தா சந்தோசம். சோறு போட்டு, சாப்பிட்ட பிறகு, ஏன் இம்புட்டு நாளு வரலைன்னு கேப்பேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நான் போகணும் சாமி. எனக்கும் வயசாகுதுல்லா."

அந்த வாரம் எங்க வீட்டுல அடுப்புகூட ஒழுங்கா எரியல. கேமராவை யாராவது தொட்டுருவாவன்னு பெர்ப்பேத்துவா எங்க நடையிலயே பாயைப் போட்டுப் படுத்துட்டா. எங்க வீட்டுக்காரவியளே எதுவும் தில்லுமுல்லு பண்ணிருவாவளோன்னு நான் லென்ஸைக் கழத்தி அரிசிப் பானைக்குப் பின்னால இல்ல, பானைக்குள்ளயே போட்டு மூடி வச்சேன். போடுததுக்கு முன்னால ரெண்டு பக்கமும் கண்ணை வச்சுப் பாத்தேன், வெளக்குல காட்டிப் பாத்தேன், குலுக்கிக்கூடப் பாத்தேன். வெறும் கண்ணாடிதான். ஓரத்துல அவிய துடைச்சும் போகாத பூஞ்சை ஒரு கீத்து இருந்துது.

மூணாவது ஞாயிறு பூசையையே கடற்கரையில வச்சாவ. கூம்பு ஸ்பீக்கர் எல்லாத்தையும் கடல் பக்கம் திருப்பிக் கட்டுனாவ, ஸ்டூடியோ டிவியைக் கொண்டாந்து கேமராவுல வயரைச் சொருகி ஊருக்கே தெரியுத மாதிரி ஸ்டூல் மேல நிப்பாட்டுனோம். சாமியாரு கரைக்கு முதுகைக் காட்டி, அலையைப் பாத்து நின்னு, புன்னைத்துறைப் பங்கைச் சேர்ந்த தொம்மைக்கும், அதே பங்கைச் சேர்ந்த கஸ்பாரின் மனைவியாகிய தெக்லாவுக்கும்னு வாசிச்சாரு. கைம்பெண்ணாகியன்னு போன ரெண்டு தடவை வாசிச்சதை இந்தத் தடவை அவரு மாத்துனாரு, நான் கவனிச்சேன். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால், அறிந்தவர்கள் வந்து சொல்லவும். அந்தச் சத்தம் ஸ்பீக்கர் வழியாப் போய் அலை மேல உருண்டு உருண்டு தொடுவானம் வரைக்கும் போச்சு.

டிவியில கஸ்பாரு வலையில இருந்து தலையைத் தூக்குனான்.

அவன் மடியில இருந்த வலையை இறக்கி வச்சான், குறுக்க கிடந்த துடுப்பை எடுத்தான், எங்களைப் பாத்துத் துழாவ ஆரம்பிச்சான். சிவப்புக் கோடு அழிஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரவிய வளையத்தை லேசாப் பின்னால திருப்புனாவ, கோடு வந்துது, மறுபடி அழிஞ்சுது, மறுபடி திருப்புனாவ. "கிட்ட வாரான்"னாவ. வளையம் கொஞ்சம் கொஞ்சமாப் படுத்த எட்டைப் பாத்து வந்துட்டு இருந்துது, படுத்த எட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டான்னா அவன் எங்க கடலுக்குள்ள வந்துருவான், வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சிருவான், கரையேறிருவான். பெர்ப்பேத்துவா "வா தம்பி, வா தம்பி"ன்னு முணுமுணுத்துட்டே மணல்ல முட்டி போட்டா. தொம்மை இடிச்சு வச்ச புளி மாதிரி நின்னான். தெக்லா டிவியைப் பாக்கல. எல்லாரும் டிவியைப் பாக்க, அவ ஒருத்தி மட்டும் காலி கடலைப் பாத்துட்டு நின்னா.

"எட்டுக்கு வந்துட்டான்"னாவ எங்க வீட்டுக்காரவிய. "நின்னுட்டான்."

வளையம் சரியா அந்தக் குறி மேல நின்னுது. கஸ்பாரு வல்லத்துல எழுந்திருச்சு நின்னான். அவன் முகம் இப்பம் தெளிவாத் தெரிஞ்சுது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக் கரையில யாரையோ தேடுனான், தேடுனது கிடைச்ச மாதிரி அப்படியே பாத்துட்டு இருந்தான். பிறகு துடுப்பை ரெண்டு கையாலயும் புடிச்சு, மெதுவா, நெட்டுக்குத்தலா நிமித்துனான்.

"ஐயோ, தம்பி"ன்னா பெர்ப்பேத்துவா. கடல்ல பொறந்து வளந்த ஊரு, அதுக்கு அர்த்தம் சொல்ல ஆளு வேணுமா?

ஆம்பளையள் எல்லாரும் தொம்மையைத் திரும்பிப் பாத்தாவ. அவனுக்கும் தெரியும். கையைத் தூக்கித் தலைத்துண்டு முடிச்சை அவுத்து எடுத்தான். ஆட்டக் கையைத் தூக்குததுக்குள்ள தெக்லா வந்து அந்தத் துண்டைப் புடிச்சிட்டா.

"குடுங்க இதை."

"தெக்லா, வழக்கம்..." இழுத்தான் அவன்.

"வழக்கம் மீனுக்கு. நான் என்ன சாளை மீனா, ஒரு வல்லத்துல இருந்து இன்னொரு வல்லத்துக்குத் தூக்கிப் போட? அவிய விட்டது உங்களுக்கில்ல. எனக்கு."

துண்டைப் புடுங்கிக்கிட்டு அலைக்குள்ள இறங்குனா, முழங்கால் வரைக்கும், இடுப்பு வரைக்கும், கையைத் தலைக்கு மேல தூக்கி ஆட்டுனா. இந்த ஏழு வருஷத்துல அவ அழுது நான் பாத்ததில்ல, அன்னைக்குக் கடலே கேக்கும்படியா ஓலமிட்டு அழுதா. புருசன் பேரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிடாதவ, "கஸ்பாரு! கஸ்பாரு! அன்னைக்கு வச்ச சோறு ஆறிப் போச்சு கஸ்பாரு, எம்புட்டு நாளு மூடி வச்சேன் தெரியுமா! போ ராசா, நீ போ, நானும் போறேன்!"ன்னு கத்திக் கத்தி ஆட்டுனா. எனக்கும் கண்ணு நிறைஞ்சு போச்சு, டிவி தெரியல.

துடைச்சிட்டுப் பாத்தப்பம் வல்லம் திரும்பியிருந்துது. எங்க வீட்டுக்காரவிய அவன் பின்னாலயே வளையத்தைத் திருப்பிட்டுப் போனாவ, படுத்த எட்டைத் தாண்டி, அதையும் தாண்டி, கோமதிநாயகம் ராவி விட்ட அந்த மயிரிழை முடியுத இடம் வரைக்கும். அங்க முட்டிட்டு, அதுக்கு மேல திரும்பல. கஞ்சிக்கு நடுவுல சிவப்பு ஒரு புள்ளியா மினுங்கி அணைஞ்சுது.

"தடை ஏதும் உண்டா?"ன்னு சாமியாரு மைக் இல்லாமக் கேட்டாரு.

மணல்ல இருந்து எழுந்திருச்ச பெர்ப்பேத்துவா முட்டியைத் தட்டிவிட்டா. "இல்ல சாமி. அவனே சொல்லிட்டுப் போயிட்டான்."

நான் எங்க வீட்டுக்காரவிய பக்கத்துல போய், "ஏங்க, ஒரு படமாவது அமுக்குனியளா?"ன்னு கேட்டேன். அவிய கையைப் பாத்தாவ, என்னைப் பாத்தாவ, அமுக்கல. எனக்கு முன்னாலயே சந்தேகம்தான்.

தெக்லா நனைஞ்ச சேலையோட கரையேறி வந்தா. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாவ. தொம்மை துண்டுக்காகக் கையை நீட்டுனான். அவ குடுக்கல. அதை நல்லா முறுக்கிப் புழிஞ்சு, உதறி, தன் தோள்ல போட்டுக்கிட்டுக் கோயிலைப் பாத்து நடந்தா. அவன் வெறுந்தலையோட அவ பின்னால போனான்.